அம்மாவின் பெயர் வெட்டிய நிறைகுடம்

இன்று காலை, என் இணையக் கடையில் விற்கும் கல்யாண அழைப்பிதழை அந்தத் தளத்தை நடத்தும் வெளிநாட்டு நிறுவனத்தார் முடக்கிவிட்டார்கள். அதிலுள்ள நிறைகுடப் படம் தன்னுடையது என்று இன்னொரு கடைக்காரன் முறைப்பாடு கொடுத்தானாம்.

எங்கள் உடுவில் வீட்டு வாசலில் நான் எடுத்த படம் அது!

அவன் கடைப் பக்கத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன்.

"தங்கச்சி, உது நான் எடுத்த படம். எங்கடை வீட்டுக் குடம்," என்றான்.

"அப்ப குடத்தின்ரை கழுத்திலை பூமணி எண்டு வெட்டியிருக்கே, அது ஆர்?"



"உது... டிசைன்."

பூமணி என் அம்மா. இரவல் போகும் குடம் ஒழுங்காகத் திரும்பி வரவேண்டும் என்று பெயர் வெட்டி வைத்தவர்.

இந்தக் கள்ளனை நம்பி முடக்கியவர்களுக்கு அந்தப் பெயரை வாசிக்கக்கூடத் தெரியாது.

உங்கள் வீட்டுச் செம்பில் யாருடைய பெயர் இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள். அதுவும் அவன் டிசைனாக இருக்கலாம்.