நாங்கள் போக நினைத்த திடல்கள்

திடல் பார்க்கப் போகலாம் என்று என் கணவர் சொன்னபோது அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். காட்டுக்குள் புகுந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. சாயந்தரம் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினால் விடிகாலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குத்தான் திறப்பார்கள். ரப்பர் பாலுக்காக மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். தினமும் சோதனை முடிந்து, வெறும் வயிற்றோடு ரப்பர் காட்டில் வேலை செய்துவிட்டு, மதியம் வந்துதான் சாப்பிடுவோம். அப்படிப்பட்ட நாளில் மனிதர் திடலைப் பார்க்கக் கூப்பிடுகிறார்.

அவர் தோட்டத்து லாரி டிரைவர். ரப்பர் ஷீட்டுகளை சிரம்பானுக்கு ஏற்றிப் போவார். ஆனால் அவரைக் கேட்டால் முதலில் பந்தாட்டக்காரன் என்றுதான் சொல்லுவார். இடது ஓரத்தில் ஓடுகிறவர். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு தோட்டமாகப் போய் ஆடிவிட்டு வருவார்கள். லாரி நிறைய ஆட்கள், பாட்டு, சண்டை. அவசரகாலம் வந்ததும் கூட்டம் கூடக் கூடாது, லாரியில் ஆள் ஏற்றக் கூடாது என்று எல்லாம் நின்றுபோனது.

அவர் ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்தபோதே மூச்சில்லாமல் இருந்தது. வலி எடுத்தபோது கேட் பூட்டியிருந்தது. லாரி வேலிக்கு வெளியே ஸ்டோர் பக்கம் நின்றது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் கேட்டில் நின்று கெஞ்சி, யாரோ யாரிடமோ அனுமதி கேட்டு, கதவைத் திறந்தபோது திறந்து பயனில்லை.

அதற்குப் பிறகு நான் யாரோடும் பேசவில்லை. வேலைக்குப் போவேன், வருவேன், படுப்பேன். அவர் ஆக்கிப் போட்டால் இரண்டு வாய் சாப்பிடுவேன். அவரும் என்னென்னவோ பேசிப் பார்த்தார். கடைசியில்தான் இது.

"ரெண்டு நாளைக்கு ஒன்னைய ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன். நான் ஆடின திடலெல்லாம் காட்டுறேன்."

நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஆட்டமே நடக்காத திடலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"புல்லு இருக்கும்லா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அதே பேச்சு. சுங்கை காடுட் திடல் சரிவானது. ஒரு கோல் மேட்டிலும் ஒரு கோல் பள்ளத்திலும் இருக்கும், டாஸில் தோற்றால் முதல் பாதி முழுவதும் மலை ஏறுகிற மாதிரிதான். லுக்குட்டில் கோலுக்குப் பின்னால் பெரிய கால்வாய். ஜெயித்துக்கொண்டிருக்கிற பக்கம் வேண்டுமென்றே பந்தைத் தண்ணீருக்குள் அடித்து நேரத்தைக் கடத்தும். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் இருந்ததுதான் திடல் என்றால் திடல். துரை வீட்டு மாடுகள் மேய்ந்து மேய்ந்து புல் பாய் மாதிரி இருக்கும், விழுந்தாலும் வலிக்காது என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். குழந்தை போன பிறகு நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறுவது. ராத்திரிக்கு லோபாக்கில் அவருடைய அக்கா வீடு. ஞாயிறு காலை லுக்குட், அங்கிருந்து புக்கிட் பெலண்டோக். ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். லாரியில் போகலாமே என்றேன். எங்கள் தோட்டத்துத் துரை லாரியைக் கொடுக்க மாட்டார், கொடுத்தாலும் ரோட்டில் சோதனை போடுகிற போலீஸ்காரர்கள் விட மாட்டார்கள் என்றார். ஒருநாள் நானாகவே, மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு லுக்குட்டில் ஒரு மலாய்க்காரர் கடை இருக்கிறது, மீன் நன்றாக இருக்கும் என்றார். அவ்வளவு தூரம் போகிறோமே, போர்ட்டிக்சன் போய்க் கடலையும் பார்த்துவிடலாம் என்று நான் சொல்ல, அதற்கு நேரம் இருக்குமா என்று இருவரும் வெகுநேரம் பேசினோம். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் லீவும் சொல்லியாயிற்று.

அந்த சனிக்கிழமைக்கு முன்பே, ஒரு சாதாரண நாளில், சிரம்பானிலிருந்து காலி லாரியோடு அவர் திரும்பும்போது தோட்டத்து ரோட்டில் காட்டுக்குள் இருந்தவர்கள் சுட்டார்கள். அவர் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் அங்கேயே இறந்துபோனார். இவருக்கு இடது காலில் குண்டு. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்துவிட்டார்கள்.

கட்டிலில் கிடந்தவரிடம் போலீஸ்காரர்கள் வந்து, அவன் செத்தான், நீ எப்படிப் பிழைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தோட்டத்தில் அவருக்கு ஸ்டோர் காவல் வேலை கொடுத்தார்கள். இப்போது அவர் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் தெரியும். அதனால் நான் பேசினேன்.

"திடல் பாக்கப் போவோமா?" என்றேன்.

"வேணாம்."

"நான் லீவு கேட்டுட்டேன்."

கேட்கவில்லை, மறுநாள்தான் போய்க் கேட்டேன்.

பஸ் சுங்கை காடுட்டைத் தாண்டும்போது, இங்கே இறங்க வேண்டாம், ஊன்றுகட்டையை வைத்துக்கொண்டு சரிவில் நிற்க முடியாது என்றார். லோபாக்கில் அவர் அக்கா எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். காலையில் லுக்குட்டில் பஸ் மாறியபோது, இந்தத் திடலைத் திரும்பி வரும்போது பார்ப்போம் என்றார். நான் ஒத்துக்கொண்டேன். நல்ல திடலை முதலில் காட்ட ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

புக்கிட் பெலண்டோக்கில் இறங்கி, செம்மண் ரோட்டில் மெல்ல நடந்தோம். வளைவு திரும்பியதும் வேலி தெரிந்தது. எங்கள் லயத்து வேலி மாதிரியே இரண்டு வரிசைக் கம்பி. உள்ளே புதுப் பலகை வீடுகள், தகரக் கூரைகள். காட்டோரம் சிதறிக் குடியிருந்தவர்களை எல்லாம் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார்கள். புல் ஒரு சாண்கூட இல்லை. ஒரு கோல் கம்பம் மட்டும் பிடுங்காமல் நின்றது. அதில் துணி காயப் போட்டிருந்தார்கள்.

கேட்டில் நின்ற மலாய்க் கான்ஸ்டபிள் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். இவர் கம்பிக்கு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இங்கே பந்து ஆடியவர், திடலைப் பார்க்க வந்தோம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கான்ஸ்டபிள் இவருடைய மடித்துக் குத்திய கால்சட்டையைப் பார்த்தார்.

"பாடாங் சுடா தாடா" என்றார். திடல் இப்போது இல்லை என்று மெதுவாகத்தான் சொன்னார். உள்ளே விட முடியாது, வேண்டுமானால் வேலி ஓரமாகச் சற்று நேரம் நில்லுங்கள் என்றார்.

நின்றோம். வெயில் ஏறியது. எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று கேட்டேன். கட்டையைத் தூக்கி ஒரு வீட்டு வாசலைக் காட்டினார். அங்கே ஒரு சீனப் பெண் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து இன்னொரு வீடு வரைக்கும் கட்டையை நகர்த்தினார். பிறகு கட்டையைக் கீழே ஊன்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

"போதும் புள்ள. வீட்டுக்குப் போவோம்."

லுக்குட்டில் பஸ் மாறும்போது அவர் தலை நிமிரவில்லை. நானும் கடலைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் பல வருஷங்கள் இருந்தார். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. வேலியைப் பிரித்த பிறகு தோட்டத்தில் மறுபடி ஆட்டம் நடந்தது. ஞாயிறு மத்தியானம் விசில் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில் அவர் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் பாத்திரங்களைச் சத்தம் வராமல் கழுவுவேன்.