தலையில் கை வைத்தால் சௌக்கியம்

என் மனைவி கடலுக்குள் இறங்கிப் படம் எடுக்கிறவள். அவள் இறங்கும் படகை ஓட்டுவது நான். எனக்கு நீச்சல் தெரியாது. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். பேருந்து ஓட்டுகிறவருக்கு ஓட்டப்பந்தயம் தெரிய வேண்டுமா என்ன?

கல்லூரியில் மீன்களைப் பற்றிப் படித்தவள். ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. ஜாடியில் செத்துக் கிடக்கும் மீன்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், மீன்தொட்டிக் கடைக்காரரிடம் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வாங்கி, அதற்குள் கேமராவை வைத்துக்கொண்டு இறங்கினாள். முதல் நாளே பெட்டி ஒழுகியது. கேமரா போயிற்று, பிடிவாதம் போகவில்லை. இப்போதெல்லாம் எங்கள் குளியலறையில் ரப்பர் உடை ஆள் மாதிரி தொங்குகிறது. கேமரா கட்டிலில் எங்களுக்கு நடுவில் தூங்குகிறது. சக்களத்தி என்றுதான் அதைக் கூப்பிடுகிறேன்.

படகுக்குக் காட்டும் சைகையில் மட்டும் அவள் படு கறார். மேலே வந்ததும் தலையில் கை வைத்தால் சௌக்கியம். கையை வீசி ஆட்டினால் ஆபத்து. வீட்டில் தலையில் கை வைத்தால் குடி முழுகிவிட்டது என்று அர்த்தம். கடலில் எல்லாம் தலைகீழ். எனக்கு மண்டையில் ஏறும்வரை கூடத்தில் நிற்கவைத்துப் பாடம் நடத்தினாள்.

தாய்த் திமிங்கிலம் குட்டிக்குப் பால் கொடுப்பதைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. அன்று வளைகுடாவில் ஒரு தாயும் குட்டியும் தென்பட்டதும் இறங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சுக்குமிழிகள் என் கண்ணுக்குத் தப்பிவிட்டன. நீரோட்டம் இழுத்துப் போயிருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி ஓட்டினேன். பிறகு தூரத்தில் ஒரு கறுப்புத் தலை. பக்கத்தில் ஒரு கை, விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ அருகே போய், படகின் அடியில் சுழலும் விசிறி அவளை வெட்டிவிடக் கூடாதென்று இன்ஜினை நிறுத்திவிட்டுக் கயிற்றை வீசினேன். எட்டவில்லை. குதித்துவிட்டேன். மிதவைச் சட்டை படகிலேயே கிடந்தது. மெத்தென்று இருக்கட்டும் என்று அதன்மேல்தான் அத்தனை நேரமும் உட்கார்ந்திருந்தேன்.

பாதிக் கடலைக் குடித்த பிறகு யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்கள். அவள்தான்.

"நீச்சல் தெரியாம எதுக்குங்க குதிச்சீங்க?"

"நீதானே கையாட்டினே?"

"குட்டி பால் குடிச்சுதுங்க. பக்கத்துலயே பாத்தேன். சந்தோஷத்துல மறந்துபோச்சு."

திட்ட வாயைத் திறந்தேன். உப்புத் தண்ணீர்தான் வந்தது. அவள் உயிரோடு இருந்தாள். எனக்கு அது போதும். ஏணியைப் பிடித்து என்னை மேலே தள்ளிவிட்டு அவளும் ஏறினாள். அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். இரண்டும் வெறுமையாக இருந்தன.

"கேமரா எங்கே?"

"விட்டுட்டேன்."

"அதுலதானே எல்லாம்..."

"அடியிலதான் கெடக்கும். அப்புறமா எறங்கி எடுத்துக்கலாம். உங்களத் தேடி எறங்க என்னால முடியாதுங்க."

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துண்டு முகத்தை மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று.