நாவல் மரத்தடியில் பூட்டு விளையாட்டு

பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் நாங்கள் பழம் பொறுக்கப் போவோம். புறக்கோட்டைச் சந்தைக்குப் போனால் நாவற்பழம் குவியலாகக் கிடக்கும் என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். என் கணவர் கேட்க மாட்டார். வாங்கித் தின்பதெல்லாம் ஒரு பழமா என்பார். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில், ஒரு பூச்சட்டிக்குக்கூட இடமில்லாமல் இருந்துகொண்டு, இந்த மனிதருக்கு மரத்தில் கிடப்பதைத்தான் தின்ன வேண்டும்.

எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறது. அதன் அந்தத்தில், ரெயில் பாதைக்குச் சற்று முன்னால், இடித்துப்போட்ட ஒரு பழைய வீட்டின் வளவு கிடந்தது. அங்கும் ஃபிளாட் எழும்பப்போகிறது என்று தகரம் அடித்தார்கள். பிறகு சொந்தக்காரர்களுக்குள் வழக்கு என்று கேள்வி. கட்டடம் எழும்பவில்லை, பற்றைதான் எழும்பியது. நடுவில் ஒரு பெரிய நாவல் மரம், மதிலோடு ஜாம் பழ மரங்கள், கடல் பக்கம் ஒரு கொட்டம்பா, வாதுமை மரம். தகரத்தில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. ஒழுங்கையில் உள்ள எல்லோரும் போய்வந்தார்கள், நாங்களும் போனோம்.

எங்கள் ஆயுதங்களைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். பழைய யன்னல் சீலைக் கம்பியின் நுனியில் உடுப்புக் கொழுவும் கம்பியை வளைத்துக் கட்டியதுதான் கொக்கத்தடி. அவர் கொப்பைப் பிடித்து உலுப்ப, நான் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாவற்பழம் மண்ணில் விழுந்தால் நசிந்துவிடும், குடைக்குள் விழுந்தால் முழுசாக இருக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு கடதாசிச் சுருளில் என் கைப்பைக்குள் இருக்கும். ஐந்து வயது மகள் கீழே குனிந்து தனக்கென்று பொறுக்குவாள், பாதி சட்டையில், பாதி வாயில். நாக்கு ஊதாவாகியதும் எங்களுக்கு நீட்டிக் காட்டுவாள்.

இன்னொரு சாமானும் எங்களோடு வரும். ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் எங்கள் இருவரின் அடையாள அட்டைகள், வீட்டு ஒப்பந்தத்தின் கொப்பி, மகளின் பிறப்புப் பத்திரக் கொப்பி. ஒழுங்கைக்குள் நாவற்பழம் பொறுக்கப் போகிறவனுக்குப் பிறப்புப் பத்திரம் எதற்கு என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரித்துக்கொண்டே உறையைச் சேட்டுக்குள் செருகுவார். சண்டைக் காலத்தில், படிக்க வந்த பெடியனாக, இதே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தவர் அவர். ஒரு சுற்றிவளைப்பில் ஆமியும் பொலிஸும் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று என்னிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அதன் பிறகு அவர் சிங்களத்தை எப்படிப் படித்தார் என்றால், தொலைபேசியில் கேட்பவர்கள் அவரைக் களுத்துறைப் பக்கத்துச் சிங்கள ஆள் என்று நினைப்பார்கள்.

அவர் கண்டுபிடித்ததுதான் பூட்டு விளையாட்டு. மகளுக்கு வாய் ஓயாது. பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டுவரை கேட்கும்படி தமிழில் கதை சொல்லிக்கொண்டு வருவாள். அதனால், பொலிஸின் காக்கிச்சட்டையோ ஆமியின் பச்சைச்சட்டையோ கண்ணில் பட்டால் அவர் தன் உதட்டில் விரலை வைத்து, பூட்டுக்குள் திறப்பைப் போலத் திருப்புவார். பூட்டு விழுந்துவிட்டது. இனி அப்பாவும் மகளும் போட்டி. முதலில் தமிழில் வாய் திறப்பவர் தோற்றவர். அப்பா அந்த ஆட்களோடு சிங்களத்தில் பேசினால் அது கணக்கில்லை. நான் போட்டியில் இல்லை, நடுவர் மாதிரி. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்ட பிறகு அவர் பெரிதாக மூச்சுவிட்டு "அப்பாடா" என்பார். மகள் துள்ளிக் குதிப்பாள். "அப்பா தோத்திட்டார்!" அவளுக்கு ஒரு டொபி.

ஒருநாளும் அவள் தோற்றதில்லை. பிள்ளைக்குப் பயம் தெரியாமல் பயத்தைப் பழக்கிவிட்டோம் என்று எங்களுக்கு உள்ளூர ஒரு கெட்டித்தனம்கூட இருந்தது.

ஒரு போயா நாள் காலை வளவுக்குள் எங்களைத் தவிர யாருமில்லை. காற்று பலமாக இருந்ததால் பழம் நிறைய விழுந்திருந்தது. அவர் கொப்பை உலுப்பினார், நான் குடையைப் பிடித்தேன். மகள் பற்றைப் பக்கம் பொறுக்கிக்கொண்டு நின்றாள். பாட்டுப் பாடுவது கேட்டது. பிறகு பாட்டு நின்றது. நான் திரும்புவதற்குள் தகரம் சரசரத்தது.

ஒரு பொலிஸ்காரர். இளம் ஆள். மோட்டார் சைக்கிளை வெளியில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். எங்கள் கம்பியையும் விரித்த குடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொகத மெதன கரன்னே?"

இங்கே என்ன செய்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் என் கணவர் கையிலிருந்த கம்பியை மெல்லக் கீழே வைத்தார், யாரோ ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னதைப் போல. சேர், பழம் பொறுக்குகிறோம் சேர், இந்த ஒழுங்கைதான் சேர் என்று அழகான சிங்களத்தில் சொன்னார். கேட்காமலே சேட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். பொலிஸ்காரர் அதை வாங்கவில்லை. எதிர் ஃபிளாட்டிலிருந்து யாரோ முறைப்பாடு சொன்னார்களாம், உள்ளே ஆட்கள் என்னவோ செய்கிறார்கள் என்று. பழம்தானே, பரவாயில்லை, பாம்பு இருக்கும், கவனம் என்றார்.

அப்போதுதான் மகள் பற்றைக்குப் பின்னாலிருந்து வந்தாள். பொலிஸ்காரரைக் கண்டாள். அப்பாவைப் பார்த்தாள். அவருடைய விரல் தன்பாட்டில் உதட்டுக்குப் போய்த் திரும்பியது. அவளும் தன் உதட்டில் விரலைத் திருப்பிவிட்டு, கண்கள் மின்ன, நிமிர்ந்து நின்றாள்.

நான் பார்த்தது அவள் விரலையல்ல, உதட்டுக்குக் கீழே நாடியை. நாடியில் பால் காய்ந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அவள் வந்த பற்றையைப் பார்த்தேன். மஞ்சள் பூ. மஞ்சள் அலரி. இத்தனை போயாக்களாக அதைப் பூ என்று மட்டுமே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்! அவளுடைய இடது கைக்குள் கறுத்துப்போன ஒரு காய், பாதி பிய்ந்து இருந்தது.

அந்தக் கொட்டை ஆளைக் கொல்லும் நஞ்சு என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. குடையை எறிந்துவிட்டு ஓடினேன். பழங்கள் உருண்டு போயின.

"என்னம்மா திண்டனீ? இதைத் திண்டனியே? சொல்லு குஞ்சு, வாயைத் திற."

அவள் தலையை ஆட்டினாள். ஓமா, இல்லையா? இரண்டும் இல்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்ற ஆட்டல். நான் அவள் கன்னத்தைப் பிடித்து அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். விரலை விடப் பார்த்தேன், முகத்தைத் திருப்பினாள். நடுவரே கள்ள ஆட்டம் ஆடி அளாப்புகிறாரே என்ற கோபம் அவள் கண்ணில். உதடெல்லாம் நாவல் கறை. அதற்குள் வேறென்ன போனது என்று எப்படிப் பார்ப்பது?

"விளையாட்டு இல்லையம்மா இது. முடிஞ்சுது. அம்மா திறக்கிறன், பார்." என் உதட்டில் விரலை வைத்து மறுபக்கம் திருப்பிக் காட்டினேன். அவள் என்னை இரக்கமாகப் பார்த்தாள். நான் போட்டியிலேயே இல்லையே.

பொலிஸ்காரருக்கு விளங்கிவிட்டது. காயைப் பார்த்ததும் அவர் முகமும் மாறியது. பக்கத்தில் குந்தி, குழந்தை என்ன சாப்பிட்டது என்று சிங்களத்தில் கேட்டார். அவர் கிட்ட வரவர அவள் உதடு இன்னும் இறுகியது. இப்போது ஆட்டம் உச்சம் அல்லவா? என் கணவர் பின்னால் நின்று, சேர், எங்களுக்குத் தெரியாது சேர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் சேர் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மகள் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பா சிங்களத்தில் பேசுகிறார். அப்பா இன்னும் தோற்கவில்லை. ஆட்டம் நடக்கிறது.

எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. நான் என்ன கெஞ்சினாலும் இவள் வாய் திறக்க மாட்டாள்.

"இஞ்சரப்பா, நீங்கள் தோக்க வேணும்" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார்.

"தமிழில கதையுங்கோ. நீங்கள் கதைச்சாத்தான் இவள் கதைப்பாள்."

அவர் வாயைத் திறந்தார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் வரவில்லை. கண் பொலிஸ்காரரின் சட்டைப் பொத்தானிலேயே நின்றது. இந்த மனிதர் வீட்டில் பாத்ரூமுக்குள் பாடுகிறவர், மாடிப்படியில் என்னோடு சண்டை பிடிக்கிறவர். அந்த இடத்தில் அவருக்கு ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் அடித்திருப்பேன். அதே நேரம், லொட்ஜில் இருந்து கொண்டுபோன அந்தப் பெடியனை நான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்றும் நினைக்கிறேன். மகள் நாவலை விழுங்குவதைப் போல எச்சிலை விழுங்கினாள்.

"மகள்" என்றார். காற்றுத்தான் வந்தது. அவள் சிரித்துத் தலையை ஆட்டினாள். கேட்கவில்லையாம்.

"கத்துங்கோ!" என்று நான் கத்தினேன்.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். இரண்டு கைகளும் தாமாகவே தலைக்குப் பின்னால் போயின. எங்கே பழகியது அந்த நிலை என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அப்படியே நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"அப்பா தோத்திட்டன்! மகள், அப்பா தோத்திட்டன்!"

பொலிஸ்காரர் ஓரடி பின்னால் போனார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம்.

"ஹை!" என்றாள் மகள். "அப்பா தோத்திட்டார்! வீட்டுக்குப் போக முதலே தோத்திட்டார்!"

"என்ன திண்டனீ?" அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இது கைக்குது. கடிச்சுப்போட்டுத் துப்பிட்டன். உள்ளுக்கை கல்லு மாதிரி ஒண்டு, பல்லு நோகுது."

கையை விரித்தாள். கொட்டை முழுசாக இருந்தது. ஓட்டில் சின்னப் பல்லின் தடம். வாயையும் திறந்து காட்டினாள், ஊதா நாக்கு, வழக்கம்போல. நான் மண்ணில் அப்படியே குந்திவிட்டேன்.

ஆனாலும் கடித்தவள் கடித்தவள்தானே. பொலிஸ்காரர் ஓடிப்போய் ஓர் ஓட்டோவை மறித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். காயைக் கையோடு கொண்டுபோங்கள், டொக்டருக்குக் காட்டுங்கள் என்றார். ஓட்டோவுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டே காலி வீதிவரை வந்து வழியெடுத்துக் கொடுத்தார். என் கணவர் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. வழி நெடுக அவருடைய பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் குளிருதா என்று மகள் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அன்று முழுவதும் அவளுடைய நெஞ்சில் வயர்களை ஒட்டி வைத்திருந்தார்கள். மெஷின் ஒவ்வொரு தரம் சத்தமிடும்போதும் நான் எழுந்து நின்றேன். தாதி வந்து, ஒன்றுமில்லை, இருங்கள் என்பார். இருப்பேன், மறுபடி எழும்புவேன். அவர் கட்டிலின் காலடியில் பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மகளுக்கு மட்டும் ஒரே ஒரு கவலை. டொபி வீட்டிலா, இங்கேயே தருவீர்களா?

மறுநாள் டொக்டர் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார். ஓட்டோவில் நடுவில் மகள், இரண்டு பக்கமும் நாங்கள். நாவல் மரத்தடியில் விட்டுவந்த குடையையும் எடுக்க வேண்டும், பழத்தையெல்லாம் எறும்பு தின்றிருக்கும் என்று அவள் அலம்பிக்கொண்டே வந்தாள். வெள்ளவத்தைக்குக் கிட்ட வரும்போது வாகனங்கள் மெதுவாகின. முன்னால் பொலிஸ் மறித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. காக்கிச்சட்டைகள்.

மகளுடைய தலைக்கு மேலால் நான் அவரைப் பார்த்தேன். அவருடைய விரல் உதட்டுக்குப் போயிருந்தது. என்னுடையதும் அங்கேதான் இருந்தது என்று பிறகுதான் கவனித்தேன்.

மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்பாவின் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"அப்பா, நீங்கள் நேற்றே தோத்திட்டீங்கள்தானே" என்றாள். "தோத்த ஆக்கள் கதைக்கலாம்."

அவர் தலையாட்டினார். மறித்த இடம் தாண்டும்வரை ஓட்டோவுக்குள் அவள் ஒருத்தியின் சத்தம்தான் கேட்டது.