தொட்டிக்குள் ஒரு மீசைக்காரன்

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் மீன் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்துவாக்கில், எருத்தேன்பதி ஊரில் இருந்த எங்கள் வீட்டில் என் மகன் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்த்தான். வாய்க்காலில் பிடித்த ஒரு மீசைக்காரக் குஞ்சையும் அதில் விட்டான்.

"ஏம்மா, இது என்ன மீனு?"

"கெளுத்திடா. பாவம், சேத்தைத் தின்னுட்டுக் கெடக்கும்" என்றேன்.

அதன் பிறகு வண்ண மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மருமகள்தான் தொட்டியை மூடாமல் விட்டுப் பூனைக்குக் கொடுக்கிறாள் என்று ஓயாமல் ஏசினேன்.

"மூடித்தானுங்க அத்தை வெச்சேன்" என்று அழுதாள். மகன் என் பேச்சை நம்பி அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

வழக்கமாக மீன் கொண்டுவரும் மாராத்தாள் தொட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்கம்மா, கெளுத்திக்கு எட்டு மீசை. இதுக்கு நாலுதானுங்க. வாயி கண்ணத் தாண்டிப் போகுது பாருங்க. இது வாளைக் குஞ்சு. கூட இருக்கறதையெல்லாம் முழுங்கிப்போடும்."

"இத்தனை வருசமாக் கெளுத்தி ஆக்கறவளுக்குத் தெரியாதா?"

"நாந்தான் மீசைய அறுத்துப்போட்டுத் தர்றனே, நீங்க எங்க எண்ணியிருப்பீங்க?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது?

மகன் வந்ததும் அவனிடம்தான் கத்தினேன். "அவ மூடித்தாண்டா வெச்சிருக்கா. தப்பு எம்மேல. போய் அவகிட்டப் பேசு!"

மருமகள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "அந்த வாளைய என்ன பண்றதுங்க அத்தை?" என்றாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ, அதைச் செய்" என்றேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.