சம்பந்தி முன்னால், நைனா பின்னால்

இப்போதெல்லாம் விமானத்தில் எங்கே உட்காருவது என்று பயணிகளே போனில் தொட்டு எடுத்துக்கொள்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அதை நான் சொன்னேன், அவர்கள் கேட்டார்கள். என் பேச்சை மனிதர்கள் கேட்ட ஒரே காலமும் அதுதான்.

சின்னக் கம்பெனி. இறக்கையில் காற்றாடி சுழலும் சின்ன விமானங்கள், சென்னையிலிருந்து கோவை, மதுரை என்று போய்வரும். அவற்றில் ஆட்களை இஷ்டத்துக்கு உட்கார வைக்க முடியாது. முன்னால் சரக்கு அதிகம் என்றால் பின்னால் ஆள் வேண்டும். அதைப் பார்த்து இடம் கொடுப்பது என் வேலை. எங்கள் ஊர் செஞ்சியில் கேட்டால் நான் பிளேன் ஓட்டுவதாகச் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

என் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்து அனந்தபுரம், அவள் அப்பாவுக்கு அங்கே உரக்கடை. சம்பந்தம் பேசி முடித்த பெரியவர் கோவையில் இருந்தார். இரண்டு அப்பாக்களும் சேர்ந்து போய்த் தாம்பூலம் வைத்து அழைத்தால்தான் முறை. ஊழியரின் அப்பா என்பதால் என் நைனாவுக்கு டிக்கெட் இலவசம். மாமனார் காசு கொடுத்து வாங்கினார். இருவருக்கும் முதல் விமானப் பயணம். ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த நைனா, கடைத்தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

முன்வரிசையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் போட்டிருந்தேன். கடைசி நேரத்தில் முன்பக்கச் சரக்கறையில் ஏதோ மோட்டார்களை ஏற்றிவிட்டார்கள். ஓர் ஆளைப் பின்னால் மாற்று, கனமான ஆளாகப் பார் என்று தகவல் வந்தது. பார்த்தேன். கனம் என்றால் அங்கே நைனாதான், மாமனார் குடைக்கம்பி. யோசிக்காமல் நைனாவுக்குக் கடைசி வரிசையை மாற்றிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கம் கல்யாணமோ கருமாதியோ, யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதில்தான் உறவு முறியும். அங்கேயே வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். வேலை நேரத்தில் மட்டும் மறந்துவிடும்.

"இன்னாடா, ஓசி டிக்கெட்டுன்னு கடைசில தள்ளிட்டியா? சம்பந்தி முன்னாடி, நான் பின்னாடியா?"

குரல் தாழ்ந்து வந்தது. நைனாவிடம் அது நல்ல அறிகுறியல்ல. மாமனார் சற்றுத் தள்ளி நின்று கூரையைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். தான் பஸ் பிடித்து ஊருக்குப் போவதாகவும், சம்பந்தி மட்டும் போய் அழைக்கட்டும் என்றும் நைனா சொன்னார். ஓர் அப்பா மட்டும் போய் அழைத்தால் அந்தக் கல்யாணம் மண்டபம் வரை வராது.

"நைனா, லாரில முன்னால மட்டும் லோடு ஏறிட்டா இன்னா பண்ணுவ?"

"பின்னால ரெண்டு மூட்ட போடுவன்."

"அந்த மூட்டதான் நீ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.  வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நைனா கேட்டார். எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் அவரைப் போட்டேன் என்றேன். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாமனாரிடம் போனார்.

"நான் பின்னால ஒக்காந்தாதான் இது எழும்புமாம், சம்பந்தி. நீங்க முன்னால நிம்மதியா போங்க."

மீதியை விமானப் பணிப்பெண் வந்து சொன்னாள். நைனா மிட்டாய் எடுக்கவில்லை, பெல்ட்டைக் கழற்றவில்லை, ஜன்னல் பக்கம்கூடச் சாயவில்லை. கழிப்பறைக்குப் போக எழுந்த பக்கத்து சீட்டுக்காரரைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். "ஒக்காருப்பா. எல்லாரும் எழுந்துகினா நான் ஒருத்தன் எவ்ளோதான் தாங்கறது?"

மறுநாள் கோவை கவுன்டரிலிருந்து நண்பன் போன் செய்தான். என் மாமனார் தனக்கும் கடைசி வரிசைதான் வேண்டும் என்று நிற்கிறாராம். வரும்போது சம்பந்தி சிரமப்பட்டாராம். போகும்போது தானும் ஒரு கை கொடுக்க வேண்டுமாம். அன்று முன்னால் சரக்கே இல்லை. முறைப்படி பின்னாலிருந்து இரண்டு பேரை முன்னால் கொண்டுவர வேண்டும். யாரைக் கிளப்பட்டும் என்று கேட்டான். அவர்களைத் தவிர யாரை வேண்டுமானாலும் கிளப்பு என்றேன்.

சென்னையில் இறங்கி இருவரும் ஒன்றாக வந்தார்கள். அசையாமல் உட்கார்ந்து வந்ததில் மாமனாருக்குக் கால் மரத்து, நொண்டினார். நைனா அவரைத் தாங்கிப் பிடித்தபடி, என்னைக் கவனிக்காமலே கடந்துபோனார்.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும் சம்பந்தி. போவப் போவ பழகிடும்."