கீழ்த்தளச் சுவரில் ஒரு தோல்வி

எண்பதுகளின் நடுப்பகுதியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பம் இருந்தது. சரிவில் கட்டிய வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு. அப்படிப்பட்ட கீழ்த்தளத்தில் மற்றவர்கள் காரை நிறுத்துவார்கள். இவர்கள் ஹாக்கி ஆடினார்கள்.

வீட்டுக்காரர் எங்கள் பகுதி அணியின் கேப்டன். ஆக்லாந்தின் குளிர்கால மழையில் சனிக்கிழமை ஆட்டங்கள் அடிக்கடி ரத்தாகும். அதனால் ஒரு கோடை முழுவதும் செலவழித்து சிமென்ட் தரையை மட்டமாக்கினார். பந்து மோதித் திரும்பும்படி நான்கு பக்கமும் தாழ்வாகப் பலகை அடித்து, ஒரு ரிங்க் செய்துவிட்டார். கூரை தாழ்வு. ஹாக்கியைக் குனிந்துதான் ஆட வேண்டும் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

பலகைக்கு மேலே வெள்ளைச் சுவர் சும்மா கிடந்தது. அதில் அணியின் வரலாற்றை வரையப்போவதாக கேப்டனின் மனைவி சொன்னார். பூவும் கொடியுமாக ஏதோ வரும் என்று நினைத்தேன். பகலில் பல் மருத்துவரிடம் வேலை பார்த்தவர், கை நடுங்காது. முதல் படத்தில் இரவல் சட்டைகளில் அணி நின்றது. சட்டைகளின் நிறம் ஒன்று, நீளம் ஆளுக்கொன்று. அவை அப்படித்தான் இருந்தன என்று ஆடியவர்கள் சொன்னார்கள்.

புகைப்படம் இல்லாத ஆட்டங்களுக்கு அவர் ஆட்டக்காரர்களையே வரவழைத்தார். ஆளுக்கொரு ஸ்டிக்கைக் கொடுத்து, "அன்னைக்கு எங்க நின்னீங்களோ அங்க போய் நில்லுங்க" என்பார். காலைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். கோல் விழுந்த கணத்தில் தான் கோலுக்குப் பக்கத்தில் இருந்ததாகவே எல்லோருக்கும் ஞாபகம். ஒருமுறை பாதி அணி ஒரே இடத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

"பந்துக்காவது கொஞ்சம் வழி விடுவீங்களா?" என்றார்.

இறுதிப்போட்டியில் தோற்ற ஆண்டை வரையும் முறை வந்ததும் கேப்டன் குறுக்கே நின்றார். "தோத்ததை எதுக்கும்மா செவுத்துல போடணும்? நாலு பேரு வந்து பாக்குற இடம்."

"வரலாறுன்னுதானே சொன்னேன். ஜெயிச்சதை மட்டும் போட்டா அது விளம்பரம்."

மனைவிக்கு வேறு கவலையும் இருந்தது. அன்று கோல்கீப்பராக நின்றவர் அவருடைய தம்பி. கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தது. எல்லோர் முன்னிலும் கேப்டன் மைத்துனரைப் பார்த்து, "தூங்கிட்டியாடா?" என்று கத்தினார். நகரின் தெற்கே பாபடோயிட்டோயில் குடியிருந்த தம்பி அதன் பிறகு அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. அந்தக் கோலை வரைந்தால் தம்பி இன்னும் தள்ளிப்போகலாம். வரையாவிட்டால் அணியில் அவர் இருந்ததற்கே தடயம் இராது. தம்பி திரும்பி வர வேண்டும்; அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு மதியம் அணி ரிங்கில் நின்றது. தம்பியின் இடத்தில் அக்கா என்னை நிறுத்தினார். அந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை, ஹாக்கியும் தெரியாது, அதுவே தகுதி. எதிரணிக்காரர் பந்தை அடித்த இடத்திலிருந்து சாக்பீஸ் கோடு என் வலது பக்கம் வந்தது. பந்து உள்ளே போனது இடது மூலையில். இரண்டிலும் யாருக்கும் சந்தேகமில்லை.

"வலது பக்கம் அடிச்ச பந்து இடது பக்கம் எப்படிப் போச்சு?" என்று அக்கா கேட்டார்.

லெஃப்ட் ஹாஃப் ஆடிய யாழ்ப்பாணத்துக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூண்டு சத்தம் கேட்டதக்கா. அடிச்ச சத்தம் ஒண்டு. கோல் பலகையில பட்டது ஒண்டு. நடுவில சின்னனா இன்னுமொண்டு."

"இவன் காதுல எப்பவும் ஏதாச்சும் கேக்கும் லா," என்றார் மலேசியக்காரர் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

கேப்டன் சிரிக்கவில்லை. தன் சாக்பீஸ் வட்டத்துக்குள் நின்றபடி, அன்று நீட்டியது போல ஸ்டிக்கை நீட்டினார். அதன் முனை சரியாக அந்தக் கோட்டின் மேல் வந்து நின்றது.

"மூணுதான்," என்றார். "கையில லேசா அதிர்ந்துச்சு. தரையில பட்டுச்சுன்னு நெனச்சேன்." பிறகு மனைவியிடம், "அப்படியே போடு" என்றார்.

பத்திரிகையில் வேலை பார்த்தபோது திருத்தம் கேட்டு வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தனக்கு எதிரான திருத்தத்தைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

அந்தச் சுவரிலேயே சிறந்த படம் அதுதான். கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்திருக்கிறார். பந்து போன வழி பச்சைத் திடலின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு. கேப்டனின் ஸ்டிக்கில் பட்டு முறிகிறது. கணவரின் முகத்தை அவர் அழகுபடுத்தவும் இல்லை, கெடுக்கவும் இல்லை.

பெயிண்ட் காய்ந்ததும் கேப்டன் பாபடோயிட்டோய்க்குக் காரில் போய் மைத்துனரைக் கூட்டி வந்தார். வழியில் என்ன பேசினார்கள் என்று இருவரும் சொன்னதில்லை. அவர்கள் வந்தபோது அக்காவும் நானும் கீழ்த்தளத்தில் இருந்தோம். அக்கா அடுத்த படத்துக்குப் பென்சில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி படத்தின் முன் நின்றார். வெள்ளைக் கோட்டைச் சுவரில் படாமல் விரலால் தொடர்ந்தார். முறிவில் விரல் நின்றது.

"என்ன மாமா, ஸ்டிக்க அங்க கொண்டுபோய் நீட்டியிருக்கீங்க?"

"பந்தை நிறுத்தத்தான்டா."

"அப்ப நான் எதுக்கு அங்க?"

"தெரியாம கத்திட்டேன். தப்புதான்."

தம்பி படத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அக்கா, நான் இவ்ளோ குண்டா?"

"கால்ல, நெஞ்சுல பேட் கட்டினா அப்படித்தான் தெரியும்."

"சோறு இருக்கா?"

அக்கா பென்சிலைக்கூட வைக்காமல் படியேறினார்.