வானம் பார்த்த கடதாசி

கொரோனாக் காலத்தில் கோயிலும் பூட்டு, சந்தையும் பூட்டு. எங்கள் கரம்பொன் ஊர்க் கரையில் ஏற்றிவிட்ட வள்ளங்களுக்குப் பின்னால் நாங்கள் நான்கு பெண்கள் பாய் விரித்துக் கடதாசி, அதுதான் சீட்டு, விளையாடினோம். றோட்டால் போகிற பொலிசுக்குத் தெரியாத இடம். மேலே இருந்து ஆண்டவர் பார்த்திருப்பார். ஆனால் அவர் ஒருநாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஊரில் செபமாலையை முன்னுக்கு நின்று சொல்லுகிறவள் நான். முந்நூற்றிநாலு என்கிற அந்தக் கடதாசி விளையாட்டில் நான் கெட்டிக்காரி என்பது அந்தப் பாய்க்கு மட்டும் தெரிந்த விஷயம். அன்று என்ன மாயமோ, எதிரணியில் இருந்த மச்சாள், என் வீட்டுக்காரரின் தங்கை, என்னைத் தோற்கடித்துக் காதில் கடுக்கன் போட்டுவிட்டாள். கடுக்கன் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு பூவரசம் இலை. செருகினால், திரும்ப வென்று கழற்றும்வரை காதில்தான் இருக்கவேண்டும். ஆர் கண்டாலும் சரி, காணாவிட்டாலும் சரி, அது சட்டம்.

அடுத்த ஆட்டத்தில் எனக்குக் கை நிறைய நல்ல கடதாசி. அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே தேனீ இரைகிற மாதிரி ஒரு சத்தம். கமரா பூட்டிய ட்ரோன். கூட்டம் கூடுகிறவர்களைத் தேடிப் பறக்கிறதாம். மற்ற மூவரும் சீலைத் தலைப்பால் முகத்தை மூடினார்கள். நான் குனிந்து கடதாசியை மூடினேன்.

"முகத்தை மூடுங்கோ மச்சாள்!"

"முகம் ஊருக்கே தெரிஞ்சதுதானே. என்ர கைதான் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

பிறகு விழுந்தடித்து ஓடினோம்.

பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் வீடுவீடாக விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். பிடிபட்டால் தனிமைப்படுத்தல் முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பயம். நான் தலைப்பைக் காதுக்கு மேலே இழுத்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். எங்களோடு இருக்கிற மச்சாளும் தள்ளி இருந்தாள்.

போனில் படத்தைக் காட்டினார். "அம்மா, இவை ஆர் எண்டு தெரியுமோ?"

"ஆரோ தம்பி. நாங்கள் செபமும் வீடுமா இருக்கிற ஆக்கள்."

"காதிலை இலையோடை குனிஞ்சிருக்கிறவ?"

"காதிலை இலை வைக்கிறதெண்டால் விசராக்கும்," என்றாள் மச்சாள்.

எனக்குச் சிரிப்பு வயிற்றுக்குள் உருண்டது. அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அங்கேதான் கண்டேன்: மச்சாளின் முழங்காலுக்குக் கீழே ஒரு கடதாசியின் சிவப்பு மூலை.

பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்போம்.

"தம்பி, அந்த முழங்காலை இன்னும் பெருசாக்கும்."

பெரிதாக்கினார். எங்கள் விளையாட்டில் ராசாவையும் வெல்லுகிற ஜாக்.

"இப்பிடித்தானோ எனக்குக் கடுக்கன் போட்டனீர்?"

"அது தானா விழுந்தது மச்சாள்."

தலைப்பை விலக்கி, வாடிப்போன இலையைக் கழற்றி, பரிசோதகருக்கு முன்னாலேயே அவள் காதில் செருகினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையால் வழுக்கினாள். அவர் முதலில் முறைத்தார். பிறகு அவருடைய மாஸ்க்கும் குலுங்கியது. முகாமுக்கு அனுப்பவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது என்று படலையில் ஒரு தாளை மட்டும் ஒட்டினார்.

"அந்தப் படத்தை அழிச்சுவிடும் தம்பி," என்றேன்.

"ஏலாது அம்மா. அது அப்பவே மேலிடத்துக்குப் போயிட்டுது. ஆர் ஆர் பாக்கினம் எண்டு எனக்கே தெரியாது."

அது எனக்குப் பிடிக்கவில்லை. என்னை முன்பின் தெரியாத ஆக்கள் என் காதைப் பார்த்துக்கொண்டு இருப்பதா?

"அப்ப மேலிடத்துக்கு ஒரு சொல் எழுதிவிடும். காதிலை இலையோடை இருக்கிறவ உண்மையிலை தோக்கேல்லை எண்டு."